பிரபு விரட்டிய திராட்சை: போஜொலே பக்கம் ஒரு சுற்று

பிரான்சின் லியோன் நகரத்துக்கு வடக்கே இருக்கிற ஒயின் வட்டாரம் போஜொலே. லியோனில் யாரிடமாவது "போஜொலே போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒயினில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் என்றால் இன்னும் மோசம், "இன்னும் கொஞ்ச நேரம் வண்டியை விட்டால் ஒயினுக்குப் பெயர்போன பர்கண்டியே வந்துவிடுமே, இங்கே ஏன் இறங்குகிறாய்" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். இத்தனைக்கும் லியோன்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தது இந்த ஒயினைத்தான். லியோனுக்கு ரோன், சோன், போஜொலே என்று மூன்று ஆறுகள் என்பது அந்த ஊர்ப் பழைய சொலவடை. பூஷோன் என்கிற பழைய பாணிச் சாப்பாட்டுக் கடைகளில் இன்றைக்கும் அதை அடி கனத்த 46 சென்டிலிட்டர் குப்பியில் ஊற்றிக்கொண்டு வந்து, எதுவும் பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த அலட்சியத்துக்குக் காரணம் நுவோ. செப்டம்பரில் பறித்த திராட்சையை நவம்பரிலேயே குப்பியில் அடைத்து, மூன்றாவது வியாழக்கிழமை பிறந்ததும் உலகம் முழுக்கத் திறப்பது. 1951இல் அடக்கமாகத் தொடங்கிய வியாபாரம் இது. 1985இல்தான் வியாழக்கிழமை என்று ஆனது, அதற்கு முன்பு நவம்பர் 15. ஜார்ஜ் துபெஃப் என்ற வியாபாரி பூப்போட்ட லேபிளும் விளம்பரமுமாக அதைப் பெரிய திருவிழாவாக்கிவிட்டார், ஜப்பானில் ஒரு வெந்நீர்க் குளியல் விடுதியில் அந்த வாரம் இந்த ஒயினைக் குளத்திலேயே ஊற்றி ஆட்களை இறக்கும் அளவுக்கு. அவசரமான நொதிப்பும் அதற்கென்று தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டும் சேர்ந்தால் வாழைப்பழ வாசமும் மிட்டாய் வாசமும் வரும். அதை ஒரு தடவை குடித்தவர்கள், போஜொலே ஒயினைச் செய்கிற கமே திராட்சை என்றாலே இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு நுவோ வழியாகத்தான் கமே அறிமுகம், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, ஊருக்குப் போவோம். லியோனிலிருந்து உள்ளூர் ரயிலில் பெல்வில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஏனென்றால் சோன் ஆற்றை ஒட்டிய சமவெளியில் கிடங்குகளும் ரவுண்டானாக்களும்தான். மேற்கே திரும்பிப் பத்து நிமிஷம் போனதும் தரை மேலேறத் தொடங்குகிறது, அப்புறம் சரிவு சரிவாகக் கொடிகள், நடுவில் ஒரு மணிக்கூண்டு, மறுபடியும் கொடிகள். திராட்சை என்றாலே பந்தலை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இங்கே முதலில் ஒன்றும் புரியாது. பந்தல் கிடையாது, பழைய தோட்டங்களில் கம்பிகூடக் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு முறுக்கேறிய கட்டை, அதிலிருந்து விரல் விரித்த மாதிரி நாலைந்து கிளைகள், ஒவ்வொன்றும் தனியாகக் குந்தியிருக்கும். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் வரை நெருக்கமாக நட்டிருக்கிறார்கள். இதில் பறிப்பது என்றால் நாள் முழுக்கக் குனிந்த முதுகு நிமிராது.

கமேக்கு முதல் கெட்ட பெயர் நுவோவுக்கு 550 வருஷங்களுக்கு முன்பே வந்துவிட்டது. 1395இல் பர்கண்டியின் பிரபு, 'துணிச்சல்கார' பிலிப், இந்தக் கொடியை மிகக் கெட்டது, நம்பிக்கைத் துரோகம் செய்வது என்று திட்டி, தன் ஆட்சிக்குள் எல்லாவற்றையும் பிடுங்கிப்போடச் சொல்லி உத்தரவு போட்டார். அவருடைய கோபம் புரிகிறது. கமே சீக்கிரம் பழுக்கும், கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளும், அதனால் விவசாயிகள் அருமையான பினோ நுவார் திராட்சையை விட்டுவிட்டு இதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள், பர்கண்டி ஒயினின் பெயர் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம். இதில் வேடிக்கை என்னவென்றால், மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது கமே அந்தப் பினோவின் பிள்ளை என்றே தெரியவந்தது. பெற்றவர்களில் இன்னொன்று கூவே ப்ளாங் என்கிற, யாரும் மதிக்காத வெள்ளைத் திராட்சை. போஜொலே அப்போது பிலிப்பின் எல்லைக்கு வெளியே, போஜூ பிரபுக்களின் கையில் இருந்தது. அங்கே உத்தரவு செல்லவில்லை, கமே பிழைத்தது. அதைவிட முக்கியம், வடக்கே சுண்ணாம்பு மண்ணில் சளசளவென்று காய்த்த அதே கொடிக்கு இங்கே வடக்குப் பாதியில் கிரானைட் கிடைத்தது. ஏழை மண்ணில் காய்ப்பு அடங்கியது, சுவை ஏறியது.

வில்யே மொர்கோன் போய்ச் சேர்ந்தபோது பறிப்பு முடிகிற சமயம். ஊர் முழுக்கப் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம், டிராக்டர்களின் பின்னால் குளவிகள். நண்பருக்குத் தெரிந்த ஒரு விவசாயி அம்மா தன் கூவாஜுக்குள் அழைத்துப் போனார், நொதிக்க வைக்கிற கொட்டகைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். அறுபதைத் தாண்டியவர், ரப்பர் பூட்ஸ், நகத்தைச் சுற்றிக் கருநீலக் கறை. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நசுக்கிக் காட்டினார். தோல் கிட்டத்தட்டக் கறுப்பு, உள்ளே சதை வெளிர்பச்சை, சாறு தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் மணிக்கட்டு வரை ஒழுகியது. சிவப்பு முழுக்கத் தோலில்தான், அதனால் அந்தத் தோலை எவ்வளவு நாள், எப்படி ஊற வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே பழத்தை நசுக்குவதில்லை. காம்போடு முழுக் குலைகளைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். மேலே இருக்கிற பாரத்தில் அடியில் கிடக்கிற பழங்கள் தானாக உடைந்து, அந்தச் சாறு நொதித்து, கரியமில வாயு கிளம்பித் தொட்டியை நிரப்புகிறது. மூச்சுவிடக் காற்று இல்லாத அந்த நிலையில் மேலே முழுதாக இருக்கிற ஒவ்வொரு பழமும் தனக்குள்ளேயே, ஈஸ்ட்டின் தயவு இல்லாமல், கொஞ்சம் சாராயத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இரண்டு சதவீதம் வந்ததும் பழத்துக்கு ஆயுள் முடிகிறது, தோல் விட்டுக்கொடுக்கிறது. போஜொலே ஒயினில் துவர்ப்புக் குறைவாக, பழ வாசம் தூக்கலாக இருப்பதன் சூட்சுமம் இதுதான். நுவோவுக்கு நாலைந்து நாள் ஊறினால் போதும். இந்த ஊர் ஒயினான மொர்கோனுக்கு இரண்டு வாரம், மூன்று வாரம்கூட ஆகும். நான் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கக் குனிந்ததும் அந்த அம்மா தோளைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தார். அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, தலையை உள்ளே விட்டால் ஆள் மயங்கி உள்ளேயே விழ வேண்டியதுதான் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

"மெஷின் வைத்துப் பறிக்கலாமே, முதுகு பிழைக்கும்" என்று கேட்டேன். "மெஷின் பழத்தை உதிர்த்துவிடும் தம்பி, எனக்குக் குலை முழுசாக வேண்டும்" என்றார் (பிரெஞ்சில் 'தம்பி' ஏது, அவர் சொன்ன தொனி அதுதான்). பிழிபொறியிலிருந்து இன்னும் பாதிதான் நொதித்த சாற்றை ஒரு டம்ளரில் பிடித்துக் கொடுத்தார். சொர்க்கம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கலங்கலான ஊதா நிறம், நாக்கில் சுருசுரு, நல்ல இனிப்பு. சாராயம் இருப்பதே தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். கடைகளில் கிடைக்காது, அறுவடை சமயத்தில் நேரில் போனால்தான் உண்டு.

இந்த ஊரில்தான் இன்றைக்கு உலகெங்கும் பேசப்படும் 'இயற்கை ஒயின்' கிளம்பியது என்றால் ரொம்ப மிகையாகாது. பக்கத்தில் லா ஷபேல் த கான்ஷேயில் ஜூல் ஷோவே என்று ஒருவர் இருந்தார். ஒயின் வியாபாரி, அதே நேரத்தில் வேதியியல் ஆராய்ச்சியும் செய்தவர், 1989இல் காலமானார். கெடாமல் இருக்கப் போடுகிற கந்தகம் சேர்க்காமல், தோட்டத்திலிருந்தே வந்த ஈஸ்ட்டை வைத்து, சர்க்கரை கொட்டாமல் சுத்தமான ஒயின் செய்ய முடியும் என்பது அவர் கட்சி. உரமும் பூச்சிமருந்தும் சர்க்கரையும் கந்தகமும் தாராளமாகப் போட்டு நுவோ ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவரிடம் போய்க் கற்றுக்கொண்டவர் வில்யே மொர்கோனின் மர்செல் லாபியேர். கூடவே ழான் ஃபொயார், ழான் போல் தேவ்னே, கீ ப்ரெதோன். அமெரிக்க இறக்குமதியாளர் கெர்மிட் லிஞ்ச் இந்த நாலு பேரையும் 'நால்வர் கும்பல்' என்று சொல்லியே அங்கே விற்றார். லாபியேர் 2010இல், அறுவடை முடிந்த கையோடு, அறுபது வயதில் போய்விட்டார். இப்போது பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

கந்தகம் போடாத ஒயின் எல்லாம் நல்ல ஒயின் என்று நான் நம்பவில்லை. இந்தச் சுற்றிலேயே மாட்டுக் கொட்டகை வாசத்தோடு ஒன்று குடித்தேன், ஊற்றிக் கொடுத்தவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் பேசாமல் விழுங்கினேன். ஷோவே சொன்னது ஒன்றும் போடாதே என்பதல்ல, போடத் தேவையில்லாத அளவுக்குத் தோட்டத்திலும் தொட்டியிலும் சுத்தமாக இரு என்பது. அந்த இரண்டாம் பாதியைச் சிலர் வசதியாக மறந்துவிட்டார்கள்.

கோத் த்யூ பீ குன்றின் மேல் ஏறிப் பார்க்காமல் மொர்கோனை விட்டுப் போகக் கூடாது. பெரிய உயரமெல்லாம் இல்லை, ஒற்றை மரம், சுற்றிலும் கொடிகள். வழியில் ஒரு கல்லை எடுத்தேன். நீலமும் துருவும் கலந்த நிறம், கட்டைவிரலால் அழுத்தியதும் அடுக்கடுக்காகப் பொடிந்துவிட்டது. 'அழுகிய பாறை' என்கிறார்கள். இங்கே விளைகிற கமே இளசில் முரடு, குப்பியில் நாலைந்து வருஷம் கிடந்தால் செர்ரி வாசத்தோடு பினோ மாதிரியே நடிக்க ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த ஊர் ஃப்ளெரியில் கிரானைட் இளஞ்சிவப்பு, கால் வைத்தால் மணலாக நழுவுகிறது, ஒயினும் மென்மை. எல்லோரும் மொர்கோனைக் கொண்டாடுகிறார்கள், என் ஓட்டு ஃப்ளெரிக்கு. அங்கே கூட்டுறவுச் சங்கம் 1927இலிருந்து நடக்கிறது. 1946இல் அதன் தலைமைக்கு மார்கெரித் ஷபேர் என்ற பெண் வந்தார், பிரான்சில் ஓர் ஒயின் கூட்டுறவின் தலைவரான முதல் பெண் என்று அந்தப் பக்கம் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

இப்படித் தனிப்பெயர் போட்டுக்கொள்ள உரிமையுள்ள பகுதிகள் மொத்தம் பத்து. வடக்கே சேந்த் அமூர், ஜூலியேனாவில் தொடங்கித் தெற்கே ப்ரூயி வரை. ரேன்யேதான் கடைக்குட்டி, 1988இல் சேர்ந்தது. இந்தப் பத்தின் ஒயினை நுவோவாக விற்கச் சட்டம் விடாது. லேபிளில் சில சமயம் போஜொலே என்ற வார்த்தையே இருக்காது, ஊர்ப்பெயர் மட்டும்தான். கெட்ட பெயரிலிருந்து தப்பிக்க அது அவர்களுக்கு வசதியாகவும் போயிற்று.

மூலான் ஆ வான் பகுதியில் ஊரே கிடையாது, குன்றின் மேல் நிற்கிற பழைய காற்றாலையின் பெயர்தான் ஒயினுக்கு. பத்திலும் கனமான, நீண்ட நாள் தாங்குகிற ஒயின். அதற்கு மண்ணில் இருக்கிற மாங்கனீஸைக் காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது கீழே ரொமனேஷ் தொரானில் சிலையாக நிற்கிற பெனுவா ராக்லேயின் கதை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு அந்துப்பூச்சியின் புழுக்கள் தோட்டம் தோட்டமாக அழித்துக்கொண்டிருந்தபோது, தன் வீட்டில் சமையலறை வெந்நீர் கொட்டுகிற இடத்தில் இருந்த கொடி மட்டும் செழிப்பாக இருப்பதை அவர் கவனித்தார். குளிர்காலத்தில் கொடிக் கட்டைகளின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் புழு சாகும் என்று கண்டுபிடித்துச் சொன்னால் அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் அதையே செய்தார்கள், இன்றும் அக்டோபர் கடைசியில் அவர் பெயரில் விழா நடக்கிறது.

பூச்சிக்கு வெந்நீர் என்றால் பூஞ்சைக்கு மாதா. 1850களில் வெண்பூஞ்சை நோய் வந்து விளைச்சல் படுத்தபோது 484 மீட்டர் ப்ரூயி மலை உச்சியில் திராட்சை மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். மாதா பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று விவசாயிகள் நடந்தே ஏறிப் போகிறார்கள். மேலே நின்றால் கிழக்கே சோன் சமவெளி முழுக்கத் தெரிகிறது, வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸும். நான் போன அன்று புகைமூட்டம்.

திரும்ப வந்து அந்த அம்மாவிடம் குப்பிகள் வாங்கும்போது கணக்கு வழக்குப் பேச்சு வந்தது. அவருடைய தாத்தா வாரத்துக்கு உழுதவர், விளைச்சலில் சரிபாதி லியோனில் இருந்த நிலச் சொந்தக்காரருக்கு, ஒப்பந்த வருஷம் நவம்பர் 11இல் புனித மார்ட்டின் நாளோடு முடியும். அப்பா காலத்தில் நுவோ வந்து சொந்த நிலம் வாங்க வைத்தது. "வெளியூர்க்காரர்கள் நுவோவைத் திட்டுவார்கள், இந்தக் கூரை அதில் போட்டது" என்றார். நவம்பரிலேயே கையில் காசு என்றால் எந்த விவசாயி வேண்டாம் என்பார்? ஆனால் அதே நுவோவின் மவுசு 2000க்குப் பிறகு இறங்கியபோது பலர் கொடிகளைப் பிடுங்கினார்கள், கால் நூற்றாண்டில் இப்பகுதியின் திராட்சைப் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அது போதாதென்று 2016, 2017 என்று அடுத்தடுத்த வருஷம் ஃப்ளெரிப் பக்கம் ஆலங்கட்டி மழை. வெயிலும் கூடிக்கொண்டே போகிறது. 2003இல் ஆகஸ்ட் நடுவிலேயே பறிக்க வேண்டியதாயிற்று. 12 சதவீதச் சாராயத்தோடு லேசாக இருந்த ஒயின் வெயில் வருஷங்களில் 14ஐத் தொடுகிறது, அது தனக்கே பிடிக்கவில்லை என்றார். ஒரு நன்மை, நிலம் பர்கண்டி விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்பதால் சொந்தமாகச் செய்து பார்க்க நினைக்கிற இளைஞர்கள் இங்கே வருகிறார்கள். அவர் தோட்டத்துக்கு மேல்புறத் துண்டை வாங்கியவர் முன்பு லியோனில் கணினி வேலை பார்த்தவராம்.

போகிறவர்களுக்கு: செப்டம்பரில் போனால் வாசமும் 'சொர்க்க'மும் கிடைக்கும், ஆனால் விவசாயிக்குப் பேச நேரம் இருக்காது, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் நுவோ இரவில் போஜூ என்ற ஊருக்குப் போகலாம், எரிகிற கொடிக்குச்சிகளோடு ஊர்வலம், நள்ளிரவில் பீப்பாய் திறப்பு. பெல்வில் பக்கத்திலிருந்து போஜூ வரை பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், ஏற்றம் அதிகம் இல்லை. சைவக்காரர்களுக்கு லியோன் பக்கம் சாப்பாடு கஷ்டம்தான். மூலிகையும் பூண்டும் சேர்த்த செர்வேல் த கனூ என்கிற தயிர்ப்பாலாடைக் கட்டியை ரொட்டியில் தடவிக்கொண்டு லேசாகக் குளிர வைத்த ஃப்ளெரி ஒரு டம்ளர் குடித்தால் குறை தெரியாது. கமேயைக் குளிர வைத்துத்தான் குடிக்க வேண்டும், 13 அல்லது 14 டிகிரி. சிவப்பு ஒயினை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அவர் வேறு திராட்சையைப் பற்றிப் பேசுகிறார்.