கோட்டைக்குக் கீழே குடித்தனம்

ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் வீடு பார்க்கப் போனால் ஏஜென்ட் முதலில் சொல்வது ஜன்னலில் கோட்டை தெரியுமா தெரியாதா என்பதைத்தான், தெரிந்தால் வாடகையும் அதற்கேற்ப ஏறும். டோல்கிராஸ் பக்கம் நாங்கள் பிடித்த மூன்றாம் மாடி வீட்டில் லிப்ட் கிடையாது. சமையலறை ஜன்னலில் கன்னத்தை ஒட்டிவைத்து எட்டிப் பார்த்தால் ஒரு மூலை தெரியும், நல்லவேளை அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

வந்த புதிதில் கோட்டையைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். மதியம் சரியாக ஒரு மணிக்கு டமால் என்று பீரங்கி வெடிக்கும், வீட்டில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தால் கரண்டி கையிலிருந்து நழுவும். 1861இலிருந்து நடக்கிற வழக்கம் இது. கால்டன் குன்றின் மேல் நேரம் காட்ட ஒரு பந்து விழுமாம், ஆனால் கடலிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் லீத் துறைமுகத்துக் கப்பல்காரர்களுக்கு அது எங்கே தெரியும், அதனால்தான் சத்தம். ஞாயிறு மட்டும் வெடிக்காது, கிறிஸ்துமஸ், புனித வெள்ளிக்கும் விடுமுறை. இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பசிக்கிறது.

ஊரில் இருந்து யார் வந்தாலும் நேரே மேலே கோட்டைக்குப் போய் ஸ்காட்லாந்து அரசர்களின் மணிமுடியைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். நான் முதலில் பிரின்சஸ் தெருப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், கீழே நிறுத்தி, வடக்குப் பக்கப் பாறையை அண்ணாந்து பார்க்க வைப்பேன். அணைந்துபோன எரிமலையின் கெட்டியான உள்பாகம் அது, சுமார் 35 கோடி வருடப் பழசு. 1314 மார்ச்சில், கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தபோது, ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் தளபதி தாமஸ் ராண்டால்ஃப் முப்பது பேரோடு இருட்டில் இந்தப் பாறையில்தான் ஏறினார். வழி காட்டியவர் வில்லியம் பிரான்சிஸ் என்பவர், இளவயதில் ஊருக்குள் இருந்த காதலியைப் பார்க்க ராத்திரியில் இந்த வழியாகத்தான் இறங்கிப் போய் வருவாராம்! பிடித்த கோட்டையை ராபர்ட் புரூஸ் என்ன செய்தார் தெரியுமா, இடிக்கச் சொல்லிவிட்டார், எதிரி திரும்ப வந்து உட்காரக்கூடாது என்று. தப்பியது புனித மார்கரெட் சிற்றாலயம் ஒன்றுதான். அரசர் முதலாம் டேவிட் தன் தாயின் நினைவாக 1130 வாக்கில் கட்டியது, ஊரிலேயே பழைய கட்டடம், இருபது பேர் நுழைந்தால் மூச்சு முட்டும்.

பாறைமேல் இருப்பது எவ்வளவு பலமோ அவ்வளவு தொல்லையும்கூட, ஏனென்றால் மேலே தண்ணீர் குறைவு. 1571 முதல் 1573 வரை, நாட்டைவிட்டு ஓடிய ஸ்காட்லாந்து அரசி மேரிக்காகக் கிர்க்கால்டி என்ற தளபதி கோட்டையை விடாமல் பிடித்துவைத்திருந்தார். கடைசியில் இங்கிலாந்திலிருந்து பெரிய பீரங்கிகள் வந்தன, டேவிட் கோபுரம் சரிந்து கிணற்றையே மூடிவிட்டது, அப்புறம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? சரணடைந்தவரைத் தூக்கில் போட்டார்கள். அதே மேரி 1566இல் மகனைப் பெற்ற அறையும் இங்கேதான், நம் ஊர் பூஜை அறையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அந்தப் பிள்ளைதான் பின்னால் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சேர்த்து அரசரான ஜேம்ஸ்.

வாசலுக்கு முன்னால் இருக்கும் திறந்த மைதானத்தில் ஒரு கல் சிலுவை நிற்கும், 1857–58 கிளர்ச்சியில் இந்தியாவில் செத்த, பிரிட்டிஷ் ராணுவத்தின் 78ஆம் ஹைலாண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படையினருக்கானது. அதில் யானை ஒன்று செதுக்கியிருக்கிறது, 1803இல் மராத்தியரை எதிர்த்து அசாயேயில் போரிட்டதற்காக அந்தப் படைக்குக் கிடைத்த சின்னம். இவ்வளவு தூரம் வந்து யானையைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, எதற்கான யானை என்று படித்ததும் கொஞ்சம் கசந்தது. வருகிறவர்களிடம் இதையும் காட்டுகிறேன், பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

உள்ளே போக டிக்கெட் விலை கொஞ்சம் கடிக்கும். இங்கேயே குடியிருப்பவர்கள் வரலாற்றுச் சின்னங்களுக்கான வருட உறுப்பினர் அட்டை வாங்கிக்கொள்வது லாபம், ஸ்டெர்லிங் கோட்டைக்கும் அதே அட்டைதான். ஆகஸ்டில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், திருவிழாக் கூட்டத்தில் கோட்டைக்குப் போகும் ராயல் மைல் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. பிப்ரவரியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, காதை மூடும் குல்லாவோடு போங்கள்.