ஆட்டு இதயத்தில் நான்கு வால்வு: இந்த மாதம் செய்து பார்த்தது

உடற்கூறு படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இதய வால்வைத் திறப்பது எது, மூடுவது எது? புத்தகப் படத்தில் நீலமும் சிவப்புமாக அம்புக்குறி ஓடும். வால்வு இருக்கும் இடத்தில் இரண்டு சின்னக் கோடு, அவ்வளவுதான். சரி, படத்தை மூடி வைத்துவிட்டு ஆட்டு இதயம் ஒன்று வாங்கிப் பார்ப்போம் என்று இறங்கினேன். அளவில் சிறியதே தவிர, அறைகளும் வால்வுகளும் அமைந்திருக்கும் விதம் பெரும்பாலும் நம்முடையதைப் போலவே இருக்கும்.

கறிக்கடையில் பொதுவாக இதயத்தை ஈரலோடு சேர்த்துத் துண்டு போட்டுத்தான் தருவார்கள். மேலே உள்ள குழாய்களை ஒட்ட அறுத்துவிட்டால் நமக்குப் பயனில்லை. "அண்ணே, குழாயை நீளமா விட்டு முழுசாக் குடுங்க" என்று முந்தின நாளே சொல்லி வைத்தேன். சமைக்கத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். (பொய்யில்லை, மாலையில் மிளகு போட்டு வறுத்தாயிற்று.)

இடது எது, வலது எது என்று தெரிய விரலால் அழுத்தினாலே போதும். ஒரு பக்கம் தொளதொளவென்று உள்ளே போகும், அது வலது. மறுபக்கம் கல் மாதிரி நிற்கும். வெட்டிப் பார்த்தால் இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். வலது அறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடதோ உடம்பு முழுவதற்கும் தள்ள வேண்டும். மனிதரில் இடது அறையின் உச்ச அழுத்தம் 120 மி.மீ. பாதரச அளவில் இருக்கும்போது வலதில் சுமார் 25தான்.

வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இடது கீழறையிலிருந்து கிளம்பும் பெரிய குழாயான பெருந்தமனிக்குள் மேலிருந்து தண்ணீர் ஊற்றினேன். அறைக்குள் இறங்கவில்லை, குழாயிலேயே நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் சட்டைப் பை மாதிரி மூன்று மெல்லிய மடல்கள் தண்ணீரில் உப்பி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வழியை அடைத்திருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெதுவாகக் குறைந்தது. அந்த மடல்களுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. ஈர்க்குச்சியை நுழைத்தால் இதயத்தின் மேற்பரப்பில் கொழுப்புக்கு அடியில் ஓடும் குழாய்க்குள் போகிறது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் இவை. மாரடைப்பில் அடைபடுவது பெரும்பாலும் இந்தக் குழாய்கள்தான். இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு. இடது மேலறையைத் திறந்து வைத்துக்கொண்டு, பெருந்தமனி வழியாக ஒரு மெல்லிய குழாயைக் கீழறை வரை இறக்கி, சிரிஞ்சால் தண்ணீரை வேகமாகச் செலுத்தினேன். தொங்கிக்கொண்டிருந்த இரண்டு மடல்களும் மேலெழும்பி இறுக மூடின. அவற்றில் தசையைத் தேடினேன். கண்ணுக்குத் தட்டுப்பட்டது வெள்ளைச் சவ்வுதான். கீழே அறைச் சுவரிலிருந்து தசைத் திரட்சிகள் எழுந்து நிற்கின்றன, அவற்றிலிருந்து நூல் நூலாக வெள்ளை நாண்கள் மடலின் விளிம்பைப் பிடித்திருக்கின்றன. இழுத்துப் பார்த்தேன், அறுவதாயில்லை. இந்த நாண்கள் வால்வைத் திறப்பதில்லை. மடல் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை. ஆக, திறப்பதும் மூடுவதும் இரண்டு பக்கத்து அழுத்த வித்தியாசம் மட்டுமே.

அதனால்தான் செயற்கை வால்வு சாத்தியமாகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் உருவாக்கி, 1990இல் முதன்முதலில் மனிதருக்குப் பொருத்திய சித்ரா வால்வில் இருப்பது ஒரு உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் வட்டு. மோட்டார், பேட்டரி எதுவும் கிடையாது. சிறுவயதுத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போவது நம் நாட்டில் இன்னும் இருக்கிறது; அப்படிப்பட்டவர்களில் பலருக்கு உதவியது இது.

வால்வு இதயத்தோடு முடிவதில்லை, இதயத்துக்கு ரத்தம் திரும்பி வரும் கை கால் சிரைகளிலும் உண்டு. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட சோதனையை அப்பாவின் கையில் செய்தேன் (மெலிந்த கை, சிரை புடைத்துத் தெரியும்). முழங்கைக்கு மேல் துணியால் லேசாகக் கட்டினால் சிரையில் அங்கங்கே சிறு முடிச்சு தெரியும், அதுதான் வால்வு. மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை முடிச்சைத் தாண்டி மேலே தள்ளிவிட்டேன். மேல் விரலை எடுத்த பிறகும் சிரை முடிச்சு வரை தட்டையாகவே கிடந்தது. கீழ் விரலை எடுத்ததும் குபுக்கென்று நிறைந்தது. "என்னப்பா, ரத்தம் எடுக்கப் போறியா?" என்றார். கட்டை உடனே அவிழ்த்துவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

அப்புறம் ஸ்டெதஸ்கோப். 'லப்' என்பது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள இரண்டு வால்வுகள் மூடும் சத்தம், 'டப்' தமனி வாய்களிலுள்ள இரண்டும் மூடும் சத்தம். மார்பெலும்புக்கு இடப்பக்கம், இரண்டாவது விலா இடைவெளியில் வைத்து, அக்கா பையனை மெதுவாக மூச்சிழுக்கச் சொன்னேன். 'டப்' இரண்டாகப் பிரிந்து 'ட-டப்' என்று கேட்டது. மூச்சை விட்டதும் ஒன்றாகிவிட்டது. மூச்சிழுக்கும்போது வலது பக்கத்துக்குக் கூடுதல் ரத்தம் வருகிறது, அதை வெளியேற்ற நேரமாவதால் நுரையீரல் தமனி வால்வு சற்றுப் பிந்தி மூடுகிறது. என் நெஞ்சில் எவ்வளவோ முயன்றும் அந்தப் பிளவு கேட்கவில்லை, சிறுவர்களிடம்தான் தெளிவாகக் கேட்கிறது. மூச்சு இதயத்தை இவ்வளவு அசைக்கிறதென்றால், அடுத்த மாதம் நுரையீரல்தான்.