9,862 வரி வந்துவிட்டது: அப்பாவின் மழை நோட்டும் பவர் குவெரியும்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, அப்பாவின் மழை நோட்டு நாளுக்கு ஒரு வரியாக, மொத்தம் 9,862 வரிகள் ஏறிவிட்டதாக எக்ஸெலுக்குள் இருக்கும் பவர் குவெரி (தரவை எடுத்துப் படிப்படியாக மாற்றி அமைக்கும் கருவி) வலப்பக்கப் பட்டியில் சொன்னபோது, தூங்கிக்கொண்டிருந்த வீட்டம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. 1998 முதல் 2024 வரை 27 ஆண்டுகள், அதில் 2000, 2004 என்று 2024 வரை 7 லீப் ஆண்டுகள். 365ஐ 27ஆல் பெருக்கி 7ஐக் கூட்டினால் 9,862. ஒரு நாள் கூடாமல் ஒரு நாள் குறையாமல் இந்த எண் வர மூன்று வாரம் ஆனது. இடையில் 9,419 வந்தது, 10,044 வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு எதையுமே மாற்றாமல் ரிஃப்ரெஷ் அடிக்க அடிக்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, அந்தக் கதை கீழே இருக்கிறது.

விஷயம் இதுதான். ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா 1998இலிருந்து மழை அளந்து நோட்டில் எழுதி வருகிறார். ஆண்டுக்கு ஒரு பக்கம், இடப்பக்கம் 1 முதல் 31 வரை தேதி, மேலே ஜன முதல் டிச வரை மாதம், நடுவில் மி.மீ. காலை எட்டரை மணிக்கு அளப்பார், வானிலைத் துறையும் அந்த நேரத்தைத்தான் வைத்திருக்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து எட்டரைக்கு ஒரு நிமிடம் முந்தினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். போன வருடம் நானும் அக்கா மகளும் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் அப்படியே ஷீட் ஷீட்டாகத் தட்டிவிட்டோம். அகலவாட்டில் இருப்பதை நீளவாட்டில் மாற்றினால்தான் பிவட் (மாதம், ஆண்டு என்று தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட முடியும், அது இந்த ஆட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படி நீளமாக்குவதற்குப் பவர் குவெரியில் அன்பிவட் அதர் காலம்ஸ், ஒரே க்ளிக். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் ரிஃப்ரெஷ் கதையை முடித்துவிடுகிறேன். 27 ஷீட்டையும் டேபிளாக்கி, ஆண்டின் பெயரையே டேபிளுக்கு வைக்கலாம் என்று ஒய்1998 என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தால் எக்ஸெல் ஏற்க மறுத்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது, ஒய் பத்தியில் 1998ஆவது வரி என்று அது ஒரு செல்லின் முகவரி! நடுவில் ஓர் அடிக்கோடு போட்டதும் வாங்கிக்கொண்டது. அப்புறம் எக்ஸெல் டாட் கரன்ட் வொர்க்புக் என்ற ஃபங்ஷனால் எல்லா டேபிளையும் ஒரே குவெரியில், அதாவது ஒரே படி வரிசையில், அடுக்கினேன். 27ஐ 31ஆல் பெருக்கினால் 837, சரியாக வந்தது. சரிபார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அதே ஃபைலில் ஒரு ஷீட்டில் இறக்கி வைத்தேன். அடுத்த ரிஃப்ரெஷில் 1,674. அதற்கடுத்து 2,511. இறக்கி வைத்த ஷீட்டும் ஒரு டேபிள்தானே, அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருகிறது. தன் வாலைத் தானே தின்கிற பாம்பு மாதிரி. டேபிள் பெயர் ஒய் அடிக்கோடு என்று தொடங்குபவை மட்டும் போதும் என்று ஒரு ஃபில்டர் போட்டதும் அடங்கியது.

இப்போது அசல் தலைவலிக்கு வருகிறேன். அன்பிவட் செய்கிறபோது வெற்று செல்களைப் பவர் குவெரி சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். எச்சரிக்கை கிடையாது, 'வெற்றையும் வைத்துக்கொள்' என்று டிக் அடிக்க ஒரு கட்டமும் கிடையாது. பெரும்பாலான வேலைகளுக்கு இது நல்லதுதான், குப்பை குறையும். மழைக் கணக்குக்கு இது விஷம். மழை இல்லாத நாளில் அப்பா சுழியம் போடுவார், பழைய பக்கங்களில் ஒரு சின்னக் கோடு கிழித்திருப்பார். கட்டம் வெறுமையாக இருந்தால் அன்றைக்கு அளக்கவில்லை என்று பொருள், மழை இல்லை என்று பொருள் அல்ல.

எனக்கு இது தெரியாமல் இல்லை. 9,419 வந்தபோதே 443 நாள் குறைகிறது என்று பார்த்தேன். பார்த்துவிட்டு நான் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், எல்லாத் தேதிகளும் அடங்கிய ஒரு காலண்டர் டேபிள் செய்து, அதோடு மழை டேபிளை லெஃப்ட் அவுட்டரில் மெர்ஜ் செய்து (எல்லாத் தேதியும் நிற்கும், மழைப் பதிவு இருந்தால் பக்கத்தில் ஒட்டும்), வந்த 'நல்' (மதிப்பே இல்லாத வெற்று) எல்லாவற்றையும் ரீப்ளேஸ் வேல்யூஸில் சுழியமாக்கினேன். எண்ணிக்கை 9,862 என்று அன்றைக்கே வந்தது! அந்த 9,862 போலி.

அதை வைத்து ஒரு ரிப்போர்ட்டும் போட்டேன். தென்மேற்கு, வடகிழக்கு என்று பருவம் பிரித்து, 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழை நாள் என்ற வானிலைத் துறைக் கணக்குப்படி மழை நாட்களை எண்ணி, ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும் தொடர்ச்சியாக மழையில்லாமல் போன நீண்ட இடைவெளி எது என்று வரிசைப்படுத்தி, நிறம் எல்லாம் பூசி, பிரின்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். விரலை ஒரு வரியில் வைத்தார்.

"கஜா அடிச்ச அன்னைக்கு நம்ம ஊர்ல மழையே இல்லியாடா?"

2018 வடகிழக்குப் பருவம், மழையற்ற இடைவெளி 24 நாள், நவம்பர் 16 முதல் டிசம்பர் 9 வரை. நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மழைமானி இருந்த இடத்தில் மறுநாள் கொட்டகையின் ஓடு கிடந்தது, மானியைக் காணோம். புதிது வாங்கி நட்டு டிசம்பர் 10இல்தான் திரும்ப எழுதத் தொடங்கினார். என் ரிப்போர்ட் அந்த 24 நாளையும் வறட்சி என்று பச்சையாகப் பொய் சொல்கிறது, அதுவும் ஆரஞ்சு நிறத்தில்.

"எழுதலன்னா பெய்யலன்னு அர்த்தமா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் திட்டு. அதற்கு நாலு வார்த்தை கூடத் திட்டியிருக்கலாம்.

சரி, திரும்ப முதலிலிருந்து. வழி என்னவென்றால், அன்பிவட்டுக்கு முந்தைய படியில் எல்லா நல்லையும் ஒரு அடையாள எண்ணாக மாற்ற வேண்டும், மழையில் வரவே முடியாத எண்ணாக. நான் மைனஸ் 999 வைத்தேன். சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, வானிலைத் துறை நாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வெளியிடும் கட்டவாரி மழைத் தரவிலும் விடுபட்டதற்கு இதே எண்தான். அன்பிவட் முடிந்த அடுத்த படியிலேயே மைனஸ் 999ஐத் திரும்ப நல் ஆக்கிவிட வேண்டும். மறந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டேன், 2018 நவம்பரின் மொத்த மழை மைனஸ் 14,922.6 மி.மீ. என்று வந்தது. ஊரே ஆவியாகிப் போயிருக்கும்.

இதில் கிளைத் தொல்லைகள் இரண்டு. ஒன்று, இப்படிச் செய்தால் பிப்ரவரி 30, ஏப்ரல் 31 மாதிரி இல்லாத தேதிகளின் கட்டங்களும் மைனஸ் 999 வாங்கிக்கொண்டு உயிரோடு வந்துவிடும். அதுதான் அந்த 10,044, அதாவது ஆண்டுக்கு 372 கட்டம். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் வைத்துத் தேதி கட்டும் இடத்தில் ட்ரை போட்டு, முடியாவிட்டால் நல் என்று அதர்வைஸ் போட்டு, தேதி நல்லாக இருக்கிற வரிகளை மட்டும் நீக்கினேன். போனது 182 வரி. சாதாரண ஆண்டுக்கு 7, லீப் ஆண்டுக்கு 6, கையால் கூட்டிப் பார்த்தேன், சரி. இரண்டாவது, ரீப்ளேஸ் வேல்யூஸ் படி ஜன, பிப் என்று பன்னிரண்டு பத்திப் பெயர்களையும் ஃபார்முலாவுக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. பெயர் ஒன்று மாறினாலும் குவெரி படுத்துவிடும். அந்தப் பட்டியலை அழித்துவிட்டு டேபிள் டாட் காலம்நேம்ஸ் என்று போட்டுவிட்டால் இருக்கிற பத்திகளை அதுவே எடுத்துக்கொள்ளும்.

பெயர் என்றதும் அக்டோபர் ஞாபகம் வருகிறது. இதற்கு மட்டும் ஒரு முழு மாலை போனது. மாதப் பெயருக்கு எண் கொடுக்க ஒரு சின்ன டேபிள் வைத்து மெர்ஜ் செய்தேன். நான்கு ஆண்டுகளில் மட்டும் அக்டோபருக்கு எண் ஒட்டவில்லை. முன்னால் பின்னால் இடைவெளி இருக்கிறதோ என்று ட்ரிம் போட்டேன், க்ளீன் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கண்ணால் பார்த்தால் இரண்டும் 'அக்டோ'. கடைசியில் எரிச்சலில் லென் (சொல்லில் எத்தனை குறிகள் என்று எண்ணும் ஃபங்ஷன்) போட்டுப் பார்த்தால் ஒன்று 5, இன்னொன்று 6! ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். அக்கா மகளின் கீபோர்டு ஒரு விதம், என்னுடையது வேறு விதம். திரையில் அச்சு அசல் ஒன்றுதான், பவர் குவெரிக்கு இரண்டும் வேறு வேறு சொல். தமிழில் தலைப்பு வைத்து மெர்ஜ் செய்கிறவர்கள் ஒகரம், ஓகாரம், ஔகாரம் வருகிற சொற்களை ஒருமுறை லென் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வெறுத்துப்போய்த் தலைப்பை எல்லாம் 1 முதல் 12 என்று எண்ணாகவே மாற்றிவிட்டேன்.

பத்திக்கு எண், எழுத்து என்று வகை குறிக்கும் சேஞ்ச்டு டைப் படி பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, தானாக வந்து உட்காரும், கண்டதும் அழித்துவிடுங்கள். ஆனால் இங்கே அது செய்த கூத்தை மட்டும் சொல்கிறேன். 1998, 1999 பக்கங்களில் அப்பாவிடம் சரியான மானி இல்லை. 'தூறல்', 'ஓர் உழவு' (உழும் அளவுக்கு மண் நனைந்த மழை), 'இரண்டு உழவு' என்று எழுதியிருக்கிறார். பத்தியை எண்ணாக மாற்றியதும் இவை எல்லாம் எரர். எரர் உள்ள செல்லை ஷீட்டில் இறக்கினால் வெறுமையாகத்தான் இறங்கும். ஆக, அளக்காத நாளும் வெறுமை, உழவு மழை பெய்த நாளும் வெறுமை. மறுபடியும் அதே பொய் வேறு வாசல் வழியாக. இப்போது அசல் எழுத்தை ஒரு பத்தியில் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் மி.மீ. என்று தனிப் பத்தி, அதற்கும் பக்கத்தில் நிலை என்று ஒரு பத்தி: அளந்தது, தூறல், உழவு, பதிவில்லை. கோடும் தூறலும் சுழியம், உழவுக்கு மி.மீ. நல். ஓர் உழவு மழை எத்தனை மி.மீ. என்று அப்பாவிடம் கேட்டேன். செம்மண்ணா களிமண்ணா, காய்ந்து கிடந்ததா ஈரம் இருந்ததா என்று என்னையே திருப்பிக் கேட்டார். விட்டுவிட்டேன்.

பதிவில்லாத 443இல் 24 நாள் கஜா, 184 நாள் 2003இன் பின்பாதியைக் கரையான் தின்றது, மீதி 235 அப்பா கல்யாணம் கருமாதி என்று ஊருக்குப் போன நாட்கள். அதனால் ஆண்டு சராசரியில் 2003ஐச் சேர்க்கவில்லை. தொகுக்கும்போது லிஸ்ட் டாட் சம் நல்லைக் கண்டுகொள்ளாமல் கூட்டிவிடும் என்பதால், ஒவ்வொரு மாத மொத்தத்துக்கும் பக்கத்தில் எத்தனை நாள் அளந்தோம் என்ற எண்ணையும் லிஸ்ட் டாட் நான்நல்கவுன்ட் வைத்துப் போட்டிருக்கிறேன். 62.4 என்று மட்டும் இருந்தால் 2018 நவம்பரே அவ்வளவுதான் என்று தோன்றும், 15 நாளுக்கு 62.4 என்றால் கேட்கிறவனுக்குப் புரியும்.

கருவி பற்றிக் கேட்பவர்களுக்கு: சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப், எக்ஸெல் 2016. பவர் குவெரி இதில் டேட்டா டேபிலேயே இருக்கிறது. 2010, 2013 வைத்திருந்தவர்கள் தனி ஆட்-இன்னாக இறக்க வேண்டியிருந்தது. புது ஃபார்முலாக்கள் எதுவும் இதில் கிடையாது, அதனால் எக்ஸ்லுக்கப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், பொறாமையாக இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் ஃப்ளாட்டனும் ஸ்ப்ளிட்டும் சேர்த்து இதே வேலையைச் செய்யலாம், செய்தும் பார்த்தேன், பிழை வந்தால் எந்தப் படியில் வந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வழியில்லாததால் விட்டுவிட்டேன். புது மானி கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வரவழைத்தது, ஒரு மூலையில் கீறலோடு வந்தது, அளவுக்குக் குந்தகமில்லை என்று அப்பா ஏற்றுக்கொண்டார்.

மழையற்ற இடைவெளிக் கணக்கை இன்னும் திரும்பப் போடவில்லை. டேபிள் டாட் குரூப்பில் குரூப்கைண்ட் டாட் லோக்கல் என்று ஒன்று இருக்கிறது, அடுத்தடுத்து வருகிற ஒரே மாதிரி வரிகளை மட்டும் ஒரு கொத்தாக்கும், இதற்கென்றே செய்தது மாதிரி. பதிவில்லாத நாள் வந்தால் இடைவெளி அங்கே அறுந்துவிட வேண்டும், அதுதான் இப்போது மண்டையைக் குடைகிறது. அது முடிவதற்குள்ளேயே அடுத்த ஆசையும் வந்துவிட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, எங்கள் 27 வருட நோட்டில் எத்தனை நாளைக் கூட்டினால் அந்த 95 வரும் என்று ஒரு சார்ட் போட வேண்டும், புதுக்கோட்டையில் ஏ3இல் பிரின்ட் எடுக்க வேண்டும்.

இதை எழுதும் முன் சரிபார்க்க 2018 நோட்டைத் திறந்தேன். நவம்பர் 16 கட்டம் இப்போது வெறுமையாக இல்லை. புது பால்பாயின்டில், அப்பாவின் கையெழுத்தில், 'மானி பறந்தது' என்று இருக்கிறது. நிலைப் பத்தியில் ஐந்தாவதாக ஒன்று சேர்க்க வேண்டும்.