பழைய சதுரங்கக் காய்களை முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய மரக் காய்கள் கையில் கிடைத்ததும் எல்லோரும் குதிரையின் முகத்தைத்தான் ரசிப்பார்கள். அழகுக்கு அது சரி. வயதைக் கணிக்க வேண்டுமானால் காயைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

வடிவம் ஓரளவுக்குத்தான் உதவும். இன்று போட்டிகளில் காணும் ஸ்டான்டன் வடிவம் நத்தானியேல் குக் பெயரில் பதிவானது 1849 மார்ச் 1 அன்று. லண்டன் ஜேக்ஸ் நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனைக்கு விட்டது. ஆகவே ‘1840ஆம் வருடத்து ஸ்டான்டன்’ என்று ஒன்று இருக்க முடியாது. ஆனால் செயின்ட் ஜார்ஜ் போன்ற முந்தைய வடிவங்களை அதற்குப் பிறகும் வெகுகாலம் கடைந்துகொண்டிருந்தார்கள். பழைய வடிவம் என்பதாலேயே பழைய செட் ஆகிவிடாது.

கடைசலில் வட்டமாக இறங்கிய அடிப்பாகம் காலப்போக்கில் லேசாக நீள்வட்டமாகும். மரம் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதிகமாகவும் குறுக்கே குறைவாகவும் சுருங்குவதே காரணம். வெர்னியர் காலிப்பரால் ஒரு முறை அளந்து, கால் சுற்று திருப்பி மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். சரியாகக் காயாத மரத்தில் கடைந்த புதுக் காயும் இப்படிக் கோணும் என்பதால், இதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கறுப்புக் காய் கருங்காலியா, சாயம் ஏற்றிய பாக்ஸ்வுட் என்ற வெளிர்மஞ்சள் மரமா? தேய்ந்த விளிம்பைப் பாருங்கள். சாயம் என்றால் அடியில் வெளிர் மரம் எட்டிப் பார்க்கும். கருங்காலி எளிதில் தெறிக்கும். குதிரையின் காது, கோட்டையின் பற்கள், ராஜாவின் சிலுவை இவற்றில்தான் சேதம் இருக்கும். பிற்பாடு மாற்றிய சிப்பாயைப் பிடிக்க, எட்டையும் வரிசையாக நிறுத்திப் புறஊதா டார்ச் அடியுங்கள். ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு ஆரஞ்சாக ஒளிரும். ஒன்று மட்டும் வேறு நிறம் காட்டினால் அது பிறகு சேர்ந்தது, அல்லது மறுபூச்சு கண்டது.

எடைக்காக உள்ளே வைத்த ஈயம்தான் பெரிய தலைவலி. ஓக் பெட்டிக்குள் பூட்டிய காய்களில், அந்த மரம் விடும் அமில ஆவியால் ஈயம் வெள்ளைப் பொடியாகி உப்பி அடிப்பாகத்தையே பிளந்துவிடும். அந்தப் பொடி நச்சு. சுரண்டாதீர்கள், கையுறை அணியுங்கள். அடித்துணியை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டவும் வேண்டாம், அதுவும் அமில ஆவியை விடும். விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரம் போதும், பின்னால் பிரிக்க வேண்டியிருந்தால் வெந்நீரில் இளகும்.