ரீசெட் பண்ணாமலே ரவுட்டருக்குள் திரும்பப் போன விதம்

வீட்டு ரவுட்டருக்குள் போக முடியவில்லை என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், குண்டூசியால பத்து செக்கன் அழுத்துங்க." சில வீடுகளில் அது சரிவரும். மலையகத்தில், டிக்கோயாவில் இருக்கும் அக்கா வீட்டில் அதைச் செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ரீசெட்டைத் தொடாமல் எப்படி உள்ளே போனோம் என்று எழுதி வைக்கிறேன். இதே சிக்கலில் மாட்டுகிறவர்களுக்கு உதவட்டும்.

அத்தானுக்குத் தோட்டத்து ஆபீசில் வேலை. குடியிருப்பது வெள்ளைக்காரன் காலத்துக் குவாட்டர்ஸ், சுவரெல்லாம் கருங்கல். டெலிபோன் லைனில் வரும் இணையம் முன்னறையில் நன்றாகவே கிடைக்கும். பின்னறையில் வைபை பெயர் வந்து வந்து மறையும். உயர்தரம் படிக்கும் மருமகளின் மேசை அங்கேதான். மழைக்காலத்தில் ஒன்லைன் வகுப்பென்றால் குளிரில் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பாள். அதனால் பழைய ரவுட்டர் ஒன்றைக் கேபிள் இழுத்துப் பின்னறையில் வைத்துக் கொடுக்க அவளுடைய தம்பி முயற்சி செய்தான். நல்ல யோசனை. அதற்கான முறையும் அவன் வீடியோவில் பார்த்தது சரியானதுதான்: இரண்டாவது ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 ஆக்க வேண்டும், போன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி என்ற வசதியை அதில் நிறுத்த வேண்டும், பிறகு இரண்டையும் லேன் துளை வழியாகக் கேபிளால் இணைக்க வேண்டும்.

இரண்டு ரவுட்டரும் ஒரே கம்பனி, இரண்டுக்கும் முதலில் இருந்த முகவரி 192.168.1.1. அவன் கையிலிருந்த போன் முன்னறை வைபையிலேயே இருந்தது. அதனால் திறந்தது பிரதான ரவுட்டரின் பக்கம். மாற்றங்கள் எல்லாம் அதில் போய்ப் பதிந்துவிட்டன. அதன்பிறகு எந்தப் போனும் "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்பதைத் தாண்டவில்லை. வகுப்புக்கு நேரம் நெருங்க, அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

நான் போய்ப் பார்த்தபோது ரவுட்டரில் இணைய விளக்கு பச்சையாகவே எரிந்தது. லைனில் பிழையில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. லப்டொப்பைக் கேபிளில் மாட்டினேன். விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்திருந்தது. இந்த இலக்கத்தைக் கண்டால் பயப்பட வேண்டாம். முகவரி கேட்டும் கொடுக்க ஆளில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஆளாளுக்கு வேலை செய்யும் நிரை பிரித்துக் கொடுப்பது போல, வந்து சேரும் ஒவ்வொரு போனுக்கும் முகவரி கொடுப்பது டிஎச்சிபியின் வேலை. அது நின்றால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் பயனில்லை.

"மாமா, ரீசெட் அடிச்சிருவோமா?" என்று மருமகன் குண்டூசியோடு நின்றான். வேண்டாம் என்றேன். டெலிபோன் லைனில் வரும் இணையத்துக்கு வைபை பாஸ்வேர்டைத் தவிர இன்னொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. லைன் பொருத்த வந்தவர் அதை ரவுட்டருக்குள் பதிந்துவிட்டுப் போய்விடுவார். அக்கா வீட்டில் அது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. ரீசெட் செய்தால் முதலில் அழிவது அதுதான்.

முகவரி கொடுக்க ஆளில்லை என்றால் நாமே எழுதிக் கொடுக்கலாம். முதலில் பழைய ரவுட்டரின் கேபிளைக் கழற்றினோம். மருமகளின் போனில் மொபைல் டேட்டாவை நிறுத்தினோம். இல்லாவிட்டால் போன் ரவுட்டரைத் தேடாமல் அந்தப் பக்கம் போய்விடும். பிறகு வைபை பெயரை அழுத்தி, ஐபி அமைப்பை டிஎச்சிபியிலிருந்து, நாமே முகவரி எழுதும் ஸ்டாட்டிக் முறைக்கு மாற்றினோம். ஐபி 192.168.1.50, இணையத்துக்குப் போகும் வாசலான ரவுட்டரின் முகவரியைக் கேட்கும் கேட்வே 192.168.1.1, பிரிஃபிக்ஸ் 24, டிஎன்எஸ் 8.8.8.8. போன் இணைந்தது, ஆனால் ரவுட்டர் பக்கம் திறக்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் பலரும் கைவிட்டு ரீசெட்டுக்குப் போவார்கள். மருமகனிடம் வீடியோவில் சொன்னதை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். "முதல்ல முகவரிய மாத்தணும், அப்புறம்தான் டிஎச்சிபி..." என்றவன் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். முகவரி மாற்றமும் இதே ரவுட்டரில்தானே பதிந்திருக்கும்! கேட்வேயை 192.168.1.2 ஆக்கி, பிரவுசரிலும் அதையே அடித்தோம். லொகின் பக்கம் வந்தது. பாஸ்வேர்ட் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்தது. ஈரத்தில் எழுத்து மங்கி, பூச்சியமா ஓ எழுத்தா என்று டோர்ச் அடித்துத்தான் வாசிக்க முடிந்தது.

உள்ளே போனதும் எதையும் மாற்றவில்லை. அந்தப் போனில் இணையம் ஏற்கெனவே வேலை செய்தது, வகுப்பும் தொடங்கியிருந்தது. அவள் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.

வகுப்பு முடிந்தபின் முதலில் டிஎச்சிபியை இயக்கிச் சேமித்தோம், அதன்பிறகே முகவரியை 192.168.1.1க்குத் திருப்பினோம். முகவரி மாறியதும் திறந்திருக்கும் பக்கம் அறுந்துவிடும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்தோம். போனின் ஐபி அமைப்பையும் மறக்காமல் டிஎச்சிபிக்குத் திருப்ப வேண்டும். விட்டால் அது இல்லாத கேட்வேயைத் தேடிக்கொண்டிருக்கும், மற்ற எல்லாப் போனும் வேலை செய்ய இது மட்டும் செய்யாது.

பழைய ரவுட்டரை இரண்டாம் முறை அமைத்ததும் மருமகன்தான். இந்த முறை லப்டொப்பில் வைபையை நிறுத்தி, அந்த ஒரு ரவுட்டரோடு மட்டும் கேபிளில் இணைத்துச் செய்தான். பிரதான ரவுட்டரின் அமைப்புகளை பேக்கப் கோப்பாக இறக்கி வைத்தோம். அடுத்த நாள் அத்தான் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து அந்தப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி, கரண்ட் பில் வைக்கும் கோவையில் எழுதி வைத்திருக்கிறார்.