ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு

2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. கலிஃபோர்னியாவில் சிலிக்கான் வேலி பேங்க்கை மூடிய நாள். அமெரிக்காவின் இன்னொரு பக்கம், வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் டேட்டா டீமில் வேலை பார்த்த நாங்கள் பகல் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் இன்னொரு செய்தி வந்தது. அதற்கப்புறம் பேங்க்கைப் பற்றிப் பேச ஆளில்லை. எங்கள் ஊர் ஃபுட்பால் அணியான கரோலினா பேந்தர்ஸ், டிராஃப்டில் ஒன்பதாவது இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறிவிட்டது.

இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. வருடா வருடம் ஏப்ரலில் 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி எடுத்துக்கொள்ளும். அதுதான் டிராஃப்ட். போன சீசனில் ரொம்ப மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பை விற்கலாம், வாங்கலாம், அடுத்த வருடத்து வாய்ப்பையும் சேர்த்து அடகு வைக்கலாம். பெரும்பாலும் இந்த அடிதடி எல்லாம் குவார்ட்டர்பேக்குக்காகத்தான். பந்து முதலில் வருவது அவர் கைக்கு. தன்னை நசுக்க ஓடி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடியில் அவர் முடிவு செய்ய வேண்டும்.

பேந்தர்ஸ் கொடுத்தது ஆனை விலை. அந்த வருடத்து ஒன்பதாவது, 61-வது வாய்ப்புகள், 2024-இன் முதல் சுற்று வாய்ப்பு, 2025-இன் இரண்டாம் சுற்று வாய்ப்பு. இது போக டி.ஜே. மூர். அணியில் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவர்களில் அவர்தான் முதல் ஆள். வாங்கிக்கொண்டது, முதலிடத்தைக் கையில் வைத்திருந்த சிகாகோ பேர்ஸ்.

எங்கள் டீமில் நான் அண்ணா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிக்காரர், சார்லட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, பேந்தர்ஸ் பைத்தியம். திங்கட்கிழமை கேன்டீனில் லெமன் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "எறியறதுக்கு ஆள் வாங்கியாச்சு. பிடிக்கறவனைக் கொடுத்தாச்சு. இனி யாருக்கு எறிவான்?" அன்று எனக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

அதே மாதம் எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பழைய சிஸ்டத்திலிருந்து எல்லா டேட்டாவையும் கிளவுடுக்கு மாற்றும் வேலை இழுத்துக்கொண்டே போனது. பெரிய கம்பெனியிலிருந்து ஒரு ஆர்கிடெக்ட்டை, அதாவது புது சிஸ்டம் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறவரை, கொண்டுவர நினைத்தார். பட்ஜெட் போதவில்லை. காலியாக இருந்த இரண்டு ஜூனியர் இடங்களை விட்டுக்கொடுத்து, ஒரு சீனியரை வேறு பிரிவுக்கு அனுப்பினால் கணக்கு சரியாக வரும். "நீ ஒரு எக்செல் போட்டுக் காட்டு" என்றார்.

போட்டேன். பெருமையோடு போட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். டிராஃப்டில் ஒரு பழைய அட்டவணை உண்டு, 90-களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் உருவானது. முதல் இடத்துக்கு 3000 புள்ளி, ஒன்பதாவதுக்கு 1350, இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலை. அதைப் பார்த்து நானும் எங்கள் ஆட்களுக்குப் புள்ளி போட்டேன். ஜூனியருக்கு இவ்வளவு, சீனியருக்கு இவ்வளவு, ஆர்கிடெக்ட்டுக்கு இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் எங்களுக்கே லாபம். மேனேஜருக்கு ஏக குஷி. அனுப்பவேண்டிய சீனியர் யார் என்று அந்த ஷீட்டில் இல்லை. 'சீனியர் 2' என்றுதான் இருந்தது.

சீனியர் 2 அண்ணாதான். விஷயம் தெரிந்த அன்று என் சீட்டுக்கு வந்து நின்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, கடைசில டி.ஜே. மூர் நான்தானா?"

ஏப்ரல் 27 அன்று பேந்தர்ஸ் அலபாமா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தது. அடுத்த இடத்தில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் எடுத்த குவார்ட்டர்பேக் ஒஹையோ ஸ்டேட்டின் சி.ஜே. ஸ்ட்ரவுட். பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலரும் ஆய்வாளர் கேட் மாசியும் டிராஃப்ட் கணக்குகளை அலசிச் சொன்ன ஒரு எண் உண்டு: ஓர் அணி எடுக்கிறவர், அதே ஆட்ட இடத்துக்கு அவருக்கு அடுத்து எடுக்கப்படுகிறவரை விட நன்றாக ஆட வாய்ப்பு சுமார் 52 சதவீதம். காசு சுண்டுவதை விட ஒரு முடி அதிகம். என் எக்செல்லுக்கு முன்னால் இதைப் படித்திருக்க வேண்டும். படித்திருந்தாலும் போட்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

அந்த சீசனில் ஸ்ட்ரவுட் 4,108 கெஜம் எறிந்தார், டெக்சன்ஸ் தங்கள் பிரிவில் முதலிடம். யங்கை எதிரணிகள் 62 முறை பந்தோடு தரையில் சாய்த்தன. பேந்தர்ஸ் 2 வெற்றி, 15 தோல்வி. பதினோரு ஆட்டத்திலேயே கோச் ஃபிராங்க் ரைக்கின் வேலை போனது. அணி கடைசியில் வந்ததால் 2024-இன் முதல் வாய்ப்பு அவர்களுக்கு வந்திருக்க வேண்டும், ஆனால் அதைத்தான் ஏற்கெனவே விற்றாயிற்றே. சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொண்டது. மூர் அங்கே 1,364 கெஜம் பிடித்தார்.

எங்கள் ஆர்கிடெக்ட் மே மாதம் வந்தார். கெட்டிக்காரர், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. இரண்டாவது வாரமே ஒயிட்போர்டு முழுக்க அழகாகப் படம் போட்டார். ஆனால் பழைய சிஸ்டத்தில் ஒரு டேபிளில் தேதி ஏன் இரண்டு இடத்தில் இருக்கிறது, மாதக் கடைசியில் ஒரு ஜாப் ஏன் தானாக நின்றுபோகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அதையெல்லாம் தலைக்குள் வைத்திருந்தவர் இரண்டு மாடி மேலே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஓடி வேலை செய்ய ஜூனியர்களும் இல்லை. மீட்டிங்கில் அவர் கேள்வி கேட்டுவிட்டு சுற்றிலும் பார்ப்பார். நாங்கள் லேப்டாப்பைப் பார்ப்போம். பதினாலு மாதத்தில் போய்விட்டார்.

ஏறிப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017-இல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27-இலிருந்து பத்துக்கு ஏறித்தான், பிற்பாடு பெரிய நட்சத்திரமான குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. ஆனால் அது முந்தைய வருடம் 12 ஆட்டம் ஜெயித்த அணி. கொடுத்தது எல்லாம் டிராஃப்ட் வாய்ப்புகள், ஆடிக்கொண்டிருந்த யாரையும் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே அலெக்ஸ் ஸ்மித் இருந்ததால் மஹோம்ஸ் முதல் வருடம் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார், மற்றபடி உட்கார்ந்து பார்த்தார். சமைத்து வைத்த வீட்டுக்கு வந்த மருமகன். யங்குக்கு அரிசியே இல்லை.

ஒன்று மட்டும் இப்போதும் உறுத்துகிறது. 2024-இல் இரண்டே ஆட்டத்தில் யங்கை உட்காரவைத்தார்கள். அவர் கதை முடிந்தது என்று ஆபீசில் எல்லோரும் சொன்னோம். ஒரு மாதம் கழித்து, அவர் இடத்தில் ஆடிய ஆண்டி டால்டனுக்குக் கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபட, யங் திரும்ப வந்தார். வேறு ஆள் போல ஆடினார். எங்கள் ஆர்கிடெக்ட்டுக்கு அப்படி ஒரு இரண்டாவது முறை கிடைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2025 ஜனவரி 5, சீசனின் கடைசி ஆட்டம். அட்லான்டாவில், கூடுதல் நேரத்தில், 44-38 என்று பேந்தர்ஸ் ஜெயித்தது. டச்டவுன் என்பது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது; யங் மூன்று டச்டவுன் எறிந்து இரண்டு ஓடி அடித்தார். ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்தில் அண்ணாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஸ்கோர் மட்டும் வந்தது. கீழே ஒரு வரி: "உங்க ஆர்கிடெக்ட் இப்ப எங்கே இருக்கார்னு தெரியுமா?"

தெரியாது என்று அனுப்பினேன்.