கில்டேர் தெரு நூலகத்தில் சம்பந்தியம்மாளின் முன்னோர்கள்

மெல்பேர்னில் வாழும் எங்கள் சம்பந்தியம்மாளிடம் அவருடைய பூட்டனாரின் இறப்புச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1853-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியபோது, இறந்தவரின் தாய் தந்தை யார், அவர் எங்கே பிறந்தார், அந்த நாட்டுக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையெல்லாம் கேட்டு எழுதும்படி படிவத்தை வகுத்திருந்தார்கள். அந்தப் புண்ணியத்தால்தான், அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளேர் மாவட்டத்தில் கில்ரஷ் என்ற ஊருக்கு அருகே அவர் பிறந்தார் என்பதும், அவருடைய பெற்றோரின் பெயர்களும் குடும்பத்துக்குத் தெரிய வந்தன. டப்ளினில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க நாங்கள் இருவரும் ஒரே கோடையில் போய்ச் சேர்ந்தபோது, அந்தச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "தேசிய நூலகத்துக்கு நீங்களும் வருகிறீர்களா?" என்று அவர் கேட்டார். நானும் கிளம்பிவிட்டேன்.

அயர்லாந்து நாடாளுமன்றமான லென்ஸ்டர் ஹவுஸ் கில்டேர் தெருவில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் தேசிய அருங்காட்சியகம், மறுபக்கம் தேசிய நூலகம். இரண்டும் டீன் என்னும் தந்தையும் மகனுமான கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்து 1890-இல் திறக்கப்பட்டவை. பையையும் மேல்கோட்டையும் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு, வாசகர் அட்டை வாங்கிக்கொண்டு, பென்சிலும் தாளும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். உயர்ந்த குவிமாடத்தின் கீழே பச்சை விளக்குகள் வரிசையாக எரியும் வாசிப்பு மண்டபத்தைப் பார்க்கவென்றே சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். முன்னோரைத் தேடி வருகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடமோ அந்த மண்டபம் அல்ல. கட்டணம் எதுவும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கக்கூடிய வம்சாவளி ஆலோசனை அறை.

அங்கிருந்த ஆலோசகர் சான்றிதழை நிதானமாகப் படித்துவிட்டு, "டவுன்லேண்ட் பெயர் தெரியுமா?" என்று கேட்டார். அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பிரிவு அது. நம் பக்கத்துக் குக்கிராமத்தைவிடவும் சிறியதாக, நான்கைந்து வீடுகளோடு முடிந்துவிடுவதும் உண்டு. நாடு முழுவதும் இப்படி 60,000-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன, ஒரே பெயரில் பல இருக்கின்றன. அந்தப் பெயர் தெரியாமல் தேடினால், கிளேரில் கல்லெறிந்தால் அந்தக் குடும்பப் பெயர்க்காரர் ஒருவர் மேல்தான் விழும் என்ற நிலையில், எவருடைய பாட்டனாரையோ நம் பாட்டனாராக எழுதிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். சம்பந்தியம்மாளுக்கு அது தெரியவில்லை. "சரி, அதையே முதலில் கண்டுபிடிப்போம்" என்றார் ஆலோசகர்.

எதைத் தேடக் கூடாது என்பதை அவர் முதலில் சொன்னார். 1922 ஜூன் மாத இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் நீதிமன்றங்கள் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் வெடிப்பும் தீயும் எழுந்து அங்கிருந்த அரசு ஆவணக் காப்பகம் எரிந்துபோனது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர மற்றவை அதில் அழிந்தன. பல நூற்றாண்டுகளின் உயில்களும், ஆங்கிலிக்கன் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேற்பட்டவையும் கூடவே போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்னதாக அழித்திருந்தது. 1881, 1891 கணக்கெடுப்புகளை முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாக்கிவிட்டார்கள். எரிந்ததற்காவது போர் என்று ஒரு காரணம் சொல்லலாம், கூழாக்கியதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தோன்றியது. ஆகவே முழுமையாகக் கிடைப்பவற்றில் மிகப் பழையது 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புதான். அதற்கு முந்தைய காலத்து ஏழைக் குடியானவன் ஒருவனைப் பார்க்க வேண்டுமானால், அவன் வரிக்கணக்கில் அகப்பட்ட இடத்திலோ, பங்குக் கோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றப்பட்ட இடத்திலோதான் பார்க்க முடியும்.

வரிக்கணக்கு இரண்டு. திருச்சபைக்குக் கட்ட வேண்டிய தசமபாக வரிக்காக 1823 முதல் 1837 வரை எடுக்கப்பட்ட கணக்கேடு ஒன்று. 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் மேற்பார்வையில் நாடு முழுவதும் வீட்டையும் நிலத்தையும் அளந்து மதிப்பிட்ட ஏடு மற்றொன்று. கிரிஃபித் ஏட்டில் குடியிருப்பவர் பெயர், நிலத்தை அவருக்குக் குத்தகைக்கு விட்டவர் பெயர், வீடு, தொழுவம், நிலத்தின் அளவு, ஆண்டு மதிப்பு என்று ஒரே வரியில் எல்லாம் இருக்கும். மனைவி மக்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். பூட்டனாரின் தந்தை பெயரில் கில்ரஷ் சுற்றுவட்டாரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரிடம் ஓரளவு நிலம் இருந்தது. மற்றவரிடம் வீடும் சிறு தோட்டமும் தவிர வேறெதுவும் இல்லை. சம்பந்தியம்மாளின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இருவரில் நம்மவர் யார் என்று சொல்ல வேண்டியது ஞானஸ்நானப் பதிவேடுதான். கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளை 1880 வரைக்கும் இந்த நூலகம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நுண்படச் சுருளில் எடுத்து வைத்து, 2015 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் ஏடுகளை, 3,70,000-க்கும் அதிகமான படங்களாக, இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டுவிட்டது. பிறகு நூலகத்துக்கு எதற்காகப் போக வேண்டும் என்று கேட்கலாம். படங்களைத் திருநெல்வேலியில் உட்கார்ந்தும் பார்க்கலாம். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது என்பதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பதே வேறு. "கல்யாணப் பதிவென்றால் பிப்ரவரிப் பக்கங்களை முதலில் புரட்டுங்கள், தவக்காலத்தில் கல்யாணம் செய்ய மாட்டார்கள் என்பதால் அதற்கு முந்தைய நாட்களில் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள்" என்றார் ஆலோசகர். தவக்காலத்துக்கு முன் மண்டபம் கிடைக்காமல் அலைந்த எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களை நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னபடியே, 1832 பிப்ரவரியில் நாங்கள் தேடிய இரண்டு பெயர்களும் ஒரே வரியில் இருந்தன.

மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரையும், அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரையும் வைப்பது அங்கே பரவலான வழக்கமாம். நம் வீடுகளிலும் இதுதானே என்று நான் சொன்னபோது ஆலோசகர் புருவத்தை உயர்த்திச் சிரித்தார். அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, எழுத்தில் எங்கும் கிடைக்காத ஒரு தலைமுறைக்கு மேலே உள்ள பெயரைக்கூட ஊகித்து, பென்சிலால் ஓரத்தில் குறித்துவைத்தார். ஊகத்தை மையால் எழுதக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

திரையில் தெரிந்த ஏடு பார்க்க அழகானதல்ல. பழுப்பேறிய மை, சாய்ந்த கையெழுத்து, பாதி லத்தீன். ஜேம்ஸ் என்பவர் ஜேக்கபஸ், வில்லியம் என்பவர் குலியெல்மஸ், பிரிட்ஜெட் என்பவர் பிரிஜிடா. குழந்தையின் பெயருக்குப் பின் தந்தை பெயர், அடுத்து திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு தாயின் பெயர், ஞானப் பெற்றோர் இருவரின் பெயர், சில பக்கங்களில் மட்டும் டவுன்லேண்ட். தாயின் பிறந்தகத்துப் பெயர் இருந்ததால்தான் எங்களால் பிள்ளைகளை ஒன்றுசேர்க்க முடிந்தது. 1833-இல் பூட்டனார், அதன்பின் இரண்டு பெண்கள், 1843-இல் ஒரு தம்பி. தம்பியின் வரியில்தான் டவுன்லேண்டின் பெயர் இருந்தது. கிரிஃபித் ஏட்டில் அந்தப் பெயருக்கு நேரே இருந்தவர், வீடும் சிறு தோட்டமும் மட்டுமே வைத்திருந்தவர்.

அத்துடன் நிறுத்தாமல் சம்பந்தியம்மாள் ஏட்டை மேலும் புரட்டிக்கொண்டே போனார். 1840-களின் தொடக்கத்தில் ஒரு மாதத்து ஞானஸ்நானங்களே ஒரு பக்கத்தை நிரப்பிவிடுகின்றன; 1849-க்கு வரும்போது அதே பக்கத்தில் பல மாதங்கள் அடங்கிவிடுகின்றன. உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து 1845-இல் தொடங்கிய பஞ்சத்தில் கில்ரஷ் மிக மோசமாக அடிபட்ட பகுதி; வாடகை கொடுக்க முடியாதவர்களின் கூரைகளைப் பிரித்து ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் விட்டதை, அங்கே ஏழைகள் நிவாரணச் சட்டத்தின் ஆய்வாளராக இருந்த கேப்டன் ஆர்தர் கென்னடி அரசுக்கு எழுதிய அறிக்கைகளில் பதிந்திருக்கிறார். 1841-இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த நாட்டின் மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாகக் குறைந்தது. இந்த எண்களை நான் முன்பே படித்ததுண்டு. வெறுமையாகிக்கொண்டே போகும் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் அவற்றின் கனம் விளங்கியது.

இடையே என் பங்குக்கு ஒன்று கேட்டேன். எங்கள் இடையன்குடியில் அடக்கமான கால்டுவெல் 1814-இல் பிறந்தது இதே தீவின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில்தான். அவருடைய குடும்பத்தை இங்கே தேட முடியுமா? வடக்கு மாவட்டங்களின் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பதிவேடுகளுக்குப் பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டுமென்று சொல்லிவிட்டார் ஆலோசகர்.

பூட்டனார் கப்பலேறிய பின் தம்பி என்ன ஆனார் என்பதற்கு 1901, 1911 கணக்கெடுப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பார்த்தோம். அதே டவுன்லேண்டில் அதே பெயரில் ஒருவர் இருக்கிறார். ஐரிஷ், ஆங்கிலம் இரண்டும் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. 1901-இல் அவர் சொன்ன வயது 54, 1911-இல் 72. பத்து ஆண்டுகளில் பதினெட்டு வயது எப்படிக் கூடும், ஆளே வேறோ என்று சம்பந்தியம்மாள் முகம் வாடிப்போனார். ஆலோசகர் அசரவில்லை. 1909 ஜனவரி முதல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை ஓய்வூதியம் வந்தது; சிவில் பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது என்பதால் அவர்களிடம் பிறப்புச் சான்று கிடையாது; நாடெங்கும் முதியவர்களுக்கு அந்தப் பத்தாண்டில் வயது வேகமாக ஏறியிருக்கிறது என்று விளக்கினார். எங்களிடம்தான் 1843-ஆம் ஆண்டு ஞானஸ்நான வரி இருந்ததே. கணக்குப் போட்டால் 1911-இல் அவருக்கு 68 வயதுதான். "நல்லவேளை, அந்த ஓய்வூதிய அதிகாரி லத்தீன் ஏட்டைப் பார்க்கவில்லை" என்று சொல்லிச் சிரித்தபடியே சம்பந்தியம்மாள் இரண்டு வயதுகளையும் தம் நோட்டில் எழுதிக்கொண்டார்.